படத்தில் வெட்டிய பச்சைப் பாதி

அண்ணா,

உங்கள் மேல் நடந்த விசாரணைக் கோப்பின் நகல் நேற்று கைக்கு வந்தது. நீங்கள் மறைந்த பிறகு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மகள் கேட்டு வாங்கியது. அக்ரஹாரத்தில் என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். தேக்குத் தோட்டத்தைப் புழு மொட்டையாக்கியதற்கு வனக் காவலரான உங்கள் அலட்சியமே காரணம் என்கிறது கடைசித் தாள். அதற்கு இணைத்திருக்கும் ஒரே ஆதாரம், என் பத்திரிகையில் வந்த படம். நான் எடுத்தது.

பதினோராம் பக்கத்துக்கு அடுத்து பதினான்கு இருக்கிறது. புழு பரவுமுன்பே எழுதிக் கொடுத்ததாக நீங்கள் சொன்ன எச்சரிக்கை அந்த இடைவெளியில் இருந்ததா? எடுத்துவிட்டார்கள் என்று எழுத என்னிடம் ஆதாரமில்லை. சந்தேகம் இருக்கிறது.

படம் எடுத்த அன்று நான் சந்தேகப்பட்டது உங்களை. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போனீர்கள். இந்தப் பக்கம் தேக்கு மட்டும். இலைகளில் நரம்புதான் மிச்சம். புழுவின் எச்சம் தூறல்போல் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மருதும் வேங்கையும் மூங்கிலும், நடுவே எங்கோ ஒரு தேக்கு, இலையோடு.

“ஏனுங்க பேப்பர்காரரே, பந்தி முச்சூடும் ஒரே சோறு போட்டா புழு எந்திரிச்சா போவும்? அங்க ஒரு தேக்குக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எத்தனை மரம் பாருங்க. தேடிப் போறதுக்குள்ள குருவி தின்னுபோடும்.”

“உங்க மேல தப்பில்லைன்னு காட்டத்தான் சொல்றீங்களா அண்ணா?”

“அப்படியே வெச்சுக்குங்க. படத்த மட்டும் ரெண்டு பக்கமும் சேத்து எடுங்க.”

எடுத்தேன். பத்திரிகையில் ஒரு பத்தி அகலம்தான் இடமிருந்தது. பச்சைப் பாதியை வெட்டச் சொன்னவன் நான்தான்.

பிறகு மார்டள்ளி கிராமத்தில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: “பாதிக் காட்டை முழுங்கிட்டீங்களே! உங்களுக்குப் புழுவே தேவலைங்க.”

நேற்று உங்கள் மகள் முழுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். “இது உங்க கையில இருந்துமா சார் அப்பா பேரு இப்படிக் கெடந்துச்சு?” என்றார். மனு எழுதத் தாளை எடுத்தேன்.

ஒரு விளிம்பை வைத்து எல்லாக் காட்டுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது; கலப்புக் காட்டிலும் புழு வரும். ஆனால் அந்த விளிம்பைப் பார்க்காமலே உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

முழுப் படத்தையும் இணைத்து, உங்கள் பெயர்மேல் உள்ள குற்றத்தை நீக்கக் கோரும் மனுவை இன்று காலை வனத்துறை அலுவலகத்தில் கொடுத்தோம். இடத்தைப் பார்த்த பிறகே முடிவாம். கோடை மழைக்குப் பின் தேக்கு தளிர்த்துப் புழு வரும் பருவத்தில் அதிகாரிகள் போவார்களாம். வாய்வார்த்தையை நான் நம்பவில்லை, எழுத்தில் கேட்டிருக்கிறேன். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே நிற்பேன், இரண்டு பக்கமும் சேர்த்து எடுக்க.