நீ விழுங்கி முடிக்கும்வரை

இன்று காலை பக்கத்து வீட்டில் மரச்சீனிக்கிழங்கு அவிக்கிற மணம் ஜன்னல் வழியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் தட்டிப்போட்டுக் கிளறுகிற மணமும் சேர்ந்துகொண்டது. வேறு யாருக்கும் அது பசியைக் கிளப்பும். எனக்கோ கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதையெல்லாம் உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாம் நான்கு பேர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற செல்வராஜ் அண்ணன், வடசேரியில் தையல்கடை வைத்திருக்கும் லீலா அக்கா, தமிழ் டீச்சரான நீ, தாலுகா அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டும் நான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் சர்ச் ஆராதனை முடிந்ததும், அண்ணனின் பழைய காரில் ஏறி ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். பெரிய ஹோட்டல்கள் நமக்குப் பிடிக்காது. ஓலைத்தட்டி மறைப்பும் நாலு மேசையும் உள்ள கடைதான் வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் ருசி சொல்ல வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். நான் எப்போதும் "நல்லாருக்கு" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன்.

"நல்லாருக்குன்னா என்னதுட்டி? புளியா, எரிப்பா, எண்ணெயா? வாயில உள்ளத வாய தொறந்து சொல்லு" என்பாய்.

முதல் அடையாளம் ராஜாக்கமங்கலம் ரோட்டுக் கடையில்தான் தெரிந்தது. நீ கிழங்கும் மீன்கறியும் கேட்டாய். சப்ளையர் குனிந்து, "என்ன டீச்சர்?" என்றார். நீ மறுபடி சொன்னாய். "கியங்கு" என்றுதான் எனக்கும் கேட்டது. "டீச்சர் மெட்ராஸ் போயிட்டு வந்தீங்களோ?" என்று அவர் சிரித்தார். அண்ணனும் அக்காவும் சிரித்தார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளின் நாக்கை மடக்கி ழகரம் சொல்ல வைத்தவள் நீ. நீயும் சிரித்தாய். ஆனால் மேசைக்கு அடியில் உன் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. அன்றைக்குத் தொடங்கிய பயம் அது.

திருவனந்தபுரத்து டாக்டரிடம் உன்னோடு நான்தான் வந்தேன். அந்த மனிதர் நல்லவர், எதையும் மறைக்கவில்லை. தொண்டைக்கும் நாக்குக்கும் போகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து வருகின்றன, திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை என்றார். "ஓரோ வாய்க்கும் நாடிய நெஞ்சோட சேத்து வச்சு முழுங்கணும். தண்ணியும் ரசமும்தான் ரொம்ப சூட்சிக்கணும், பாத்துக் குடிக்கணும்" என்று மலையாளம் கலந்து சொன்னார். திரும்பும் ரயிலில் குழித்துறை தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய்.

"அண்ணனுக்கும் அக்காவுக்கும் சொல்லப்பிடாது கேட்டியா."

"ஏட்டி, அது எப்படி? கடையில வச்சு ஏதாவது ஆனா?"

"தெரிஞ்சா கூட்டிட்டுப் போக மாட்டாவ. போனாலும் எனக்க வாயையே பாத்துட்டு இருப்பாவ. எனக்கு அது வேண்டாம். எத்தன நாளு சாப்பிட முடியுமோ அத்தன நாளு மனுஷியா இருந்து சாப்பிடணும்."

என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். நான் செய்துகொடுத்தேன். சரியா தப்பா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் இலையை நான் பார்த்ததே இல்லை. உன் கழுத்தைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு வாய்க்கும் நீ மோவாயை நெஞ்சுக்குத் தாழ்த்துவாய், கழுத்து ஒருமுறை ஏறி இறங்கும், அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும். "என்ன டீச்சர், ஓரோ உருண்டைக்கும் ஜெபமா?" என்று அண்ணன் கேலி செய்வார். நீ கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்த வாயை எடுப்பாய். நீ லேசாகச் செருமினாலே நான் கையில் எடுத்ததை இலையில் போட்டுவிடுவேன். மூச்சடைத்தால் என்ன செய்வது என்று போனில் வீடியோ பார்த்து, வீட்டில் தலையணையைக் கட்டிப்பிடித்துப் பழகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க நான் அந்த வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பேன். உனக்கோ சனிக்கிழமையே குஷி வந்துவிடும்.

பேச்சிப்பாறை அணைக்குப் போகும் வழியில் உள்ள அந்தக் கடைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குக் குலசேகரம் வரை ஓட வேண்டும். நீ கேட்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்த மத்தியானம். மசித்த கிழங்கும் ஆற்றுமீன் குழம்பும் வந்தன. யாரும் பார்க்காதபோது உன் கிழங்கில் குழம்பை ஊற்றி நன்றாகக் குழைத்துக் கொடுத்தேன். நாலைந்து வாய் சரியாகத்தான் போயிற்று. அப்போது அண்ணன், பஸ்ஸில் கோழியோடு ஏறி அந்தக் கோழிக்கும் டிக்கெட் கேட்ட ஒரு பாட்டாவின் கதையைச் சொன்னார். நீ சிரித்தாய். வாயில் கிழங்கு இருக்கும்போதே சிரித்தாய்.

எட்டு மாதமாக நான் ஒரு இருமலுக்காகக் காத்திருந்தேன். ஆனால் சத்தமே வரவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. நீ என்னைப் பார்த்தாய். கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. உன் உதடு நிறம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். கால் நகரவில்லை, கை உயரவில்லை. பார்த்த வீடியோவில் ஒரு நொடிகூட நினைவில் இல்லை. லீலா அக்கா "தண்ணி, தண்ணி" என்று அலறியபடி டம்ளரை எடுத்தார். அது தப்பு என்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை.

அடுப்படியிலிருந்து கடைக்காரரின் மனைவி ஓடிவந்தார். "தண்ணி கொடுக்காதீங்கோ!" என்று டம்ளரைத் தட்டிவிட்டார். உன் பின்னால் நின்று இரண்டு கையாலும் வயிற்றைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். ஒருமுறை. ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை. மூன்றாவது இழுப்பில் கிழங்கு உருண்டை மேசையில் வந்து விழுந்தது. நீ மூச்சை இழுத்த சத்தம் ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல இருந்தது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

"குவைத்துல ஒரு வயசான அம்மையப் பாத்துட்டு இருந்தேன். அங்க சொல்லித் தந்தாவ" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் முந்தானையில் உன் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்புறம், "இவியளுக்கு முழுங்க முடியாத சூக்கேடு உண்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

லீலா அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா சரசு? தெரிஞ்சிட்டா வாய மூடிட்டு இருந்த? நாங்க சிரிக்க வச்சே கொன்னுருப்போமே!"

நீதான், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாய்: "அவள ஏசாதீங்க அக்கா. நான்தான்... சத்தியம் வாங்குனேன்."

அதற்கடுத்த மாதம் கூழும் பாயசமும் கிடைக்கும் கடையாகத் தேடிப் போனோம். நீ பயந்ததுதான் நடந்தது. மூன்று பேரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஒரு கதையும் சொல்லவில்லை. அக்கா உன் கிண்ணத்தில் கட்டி இருக்கிறதா என்று கரண்டியால் துழாவினார். நீ நாலு கரண்டியோடு கிண்ணத்தைத் தள்ளி வைத்தாய். பிறகு மூன்று மாதம் எங்கும் வரவில்லை. அதற்குள் பேச்சு முழுதும் போய்விட்டது. வயிற்றில் குழாய் போட்டார்கள். உன்னைப் பார்க்க வரும்போது என்ன பேசுவது என்று தெரியாமல், பூச்சந்தை விலை, ஆபீஸ் வம்பு என்று எதையாவது உளறிவிட்டு ஓடிவந்துவிடுவேன். கோழைத்தனம்தான்.

திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் உன் செய்தி வந்தது. "ஞாயிறு சுசீந்திரம். சைவச் சாப்பாடு. நான் வருவேன், சாப்பிட மாட்டேன். நீங்கள் சாப்பிட வேண்டும்."

தலைவாழை இலையில் பருப்பும் அவியலும் எரிசேரியும் புளிசேரியும் வந்தன. உன் முன்னால் இலை இல்லை, ஒரு சின்ன நோட்டும் பேனாவும் மட்டும். நான் சோற்றில் கை வைக்காமல் இருந்தேன். நீ எழுதி என் பக்கம் தள்ளினாய்: "எரிசேரி. ருசி சொல்லு."

ஒரு வாய் எடுத்தேன். "நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "தேங்காய் வறுத்தது கொஞ்சம் கூடிப்போச்சு. லேசா கசக்கு."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். உதடு அசைந்தது. பிறகு எழுதினாய்: "கசக்காது. நீ பயந்து மெல்லாம முழுங்குற. இன்னொரு வாய்."

நன்றாக மென்றேன். நீ சொன்னது சரி, கசக்கவில்லை. வறுத்த தேங்காயின் அடியில் பூசணிக்காயின் இனிப்பு இருந்தது. அதைச் சொன்னதும் நீ மேசையைத் தட்டினாய். அண்ணன் அவியலைச் சொன்னார், அக்கா புளிசேரியைச் சொன்னார். அடைப்பிரதமன் பாயசத்தைச் சொல்வதில் மூன்று பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. நீ தோள் குலுங்கச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. வாயில் ஒன்றும் இல்லை, சிரிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதுதான் நாம் நால்வரும் கடைசியாக ஒன்றாக உட்கார்ந்தது. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், தூக்கத்திலேயே உன் மூச்சு அடங்கிவிட்டது. உன் தங்கை போன் செய்தபோது நான் முதலில் கேட்டது, "கஷ்டப்பட்டாளா?" என்றுதான். இல்லை என்றாள். அதை நம்பத்தான் இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த பிறகு ஒரு மாதம் நாங்கள் யாரும் எங்கும் போகவில்லை. ஒருநாள் லீலா அக்கா கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பொறப்படு சரசு, பேச்சிப்பாறைக்குப் போவோம்" என்றார். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அந்தக் கடைக்காரரின் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நீ இறந்ததைச் சொன்னோம். மீனைக் கீழே வைத்தார். எங்களுக்கும் அந்தப் பிடியைக் கற்றுத்தர வேண்டும் என்று அக்கா கேட்டதும், கையைக் கழுவிவிட்டு வந்தார். அக்காவை முன்னால் நிறுத்தி, என்னைப் பின்னால் நிற்க வைத்தார்.

"தொப்புளுக்கு மேல, நெஞ்செலும்புக்குக் கீழ. முஷ்டிய இப்படி மடக்குங்கோ. உள்ளயும் மேலயும் சேத்து இழுக்கணும். இப்ப பலமா வேண்டாம், இடம் மட்டும் பாத்துக்கிடுங்கோ."

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். உனக்கு மூச்சடைத்த அன்றே சொல்ல வேண்டியதை இப்போதுதான் சொன்னேன்.

"எனக்கும் அன்னைக்கு கை கிடுகிடுன்னு ஆடிச்சு. ஆடுன கையாலதான் பிடிச்சேன்" என்றார்.

பத்துப் பதினைந்து முறை செய்யவைத்தார். அக்காவின் வயிற்றில் என் கை தானாக அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை விடவில்லை. திரும்பும் பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நாங்கள் மூன்று பேரும் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கிவிட்டோம். அண்ணன் கதை சொல்கிறார், அக்கா சிரிக்கிறார். கல்யாணப் பந்தியானாலும் ஆபீஸ் சாப்பாட்டு நேரமானாலும் நான் ஓரத்து நாற்காலியைத்தான் பிடிக்கிறேன், நினைத்தவுடன் எழுந்து யாரிடமும் போக வசதியாக. அந்தப் பிடி இதுவரை ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினால், மற்றவர்கள் ஏன் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் நான் அவர் பின்னால் போய் நிற்கிறேன்.