பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

கோவில்பதாகை,
5.5.2025

அன்புள்ள நாகேந்திரனுக்கு,

இங்கு நலம். பக்கவாதம் வந்த கைக்குத் தினமும் எழுத்து வேலை கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். அதனால்தான் போனை விட்டுக் கடிதம்.

பட்டறையில் ஜூனில் வரச் சொல்கிறார்கள். கியர் வெட்டும் வேலை உனக்குத் தெரியாததா? பல் கணக்கு பிசகினால் மொத்த இரும்பும் பாழ். கை இருக்கட்டும், தலை சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். அம்பத்தூர் ரயிலில் கேட்பாயே, அதுபோல ஒரு பெரிய எண் அனுப்பு. அது பகா எண்ணா, வேறு எதனாலாவது வகுபடுமா என்று சொல்கிறேன். சரியாகச் சொன்னால் வேலைக்குப் போவேன். தப்பென்றால் ராஜினாமா.

உன்,
ஜெகதீசன்

மாங்காடு,
12.5.2025

அன்புள்ள ஜெகதீசா,

கையெழுத்து கோணல்தான். முன்பு மட்டும் முத்து முத்தாகவா எழுதினாய்?

எண்: 10,22,117. கால்குலேட்டரைத் தொட்டால் உன் வீட்டுக்காரி எனக்குச் சொல்லிவிட வேண்டும்.

நாகேந்திரன்

கோவில்பதாகை,
2.6.2025

அன்புள்ள நாகேந்திரனுக்கு,

மூன்று வாரம், ஒரு நோட்டு முழுக்க. லோகநாயகிதான் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்தாள். 2-இல் தொடங்கி 997 வரை, ஆயிரத்துக்குள் இருக்கும் 168 பகா எண்களாலும் வகுத்துவிட்டேன். எல்லாவற்றிலும் மீதி வருகிறது. ஆகவே இது பகா எண்தான்.

பயமாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

ஜெகதீசன்

மாங்காடு,
6.6.2025

அன்புள்ள ஜெகதீசா,

சரி. சபாஷ். தைரியமாக வேலைக்குப் போ.

நாகேந்திரன்

கோவில்பதாகை,
18.6.2025

நாகேந்திரனுக்கு,

வேலைக்குப் போகச் சட்டையெல்லாம் தேய்த்து வைத்தாகிவிட்டது. நோட்டை எடுத்து வைக்கும்போது லோகநாயகி கேட்டாள்: "ஆயிரத்த ஆயிரத்தால பெருக்குனா பத்து லட்சம். மேல இருபத்திரெண்டாயிரம் கீதே, அது இன்னா ஆவும்?"

ஆயிரத்துக்கு அடுத்த பகா எண்ணைப் போட்டேன். 1009. மீதியே இல்லை. ஈவு 1013.

பிறகுதான் கவனித்தேன். 1011-இன் வர்க்கத்தில் நாலைக் கழித்தால் உன் எண். 1011-இல் இரண்டு குறைத்தும் இரண்டு கூட்டியும் பெருக்கி, நீயே உட்கார்ந்து செய்தது. விடை தெரிந்துகொண்டேதான் 'சரி' என்று எழுதியிருக்கிறாய்.

இருபது வருடம் ரயிலில் ஒரு தடவையாவது என்னைச் சும்மா விட்டிருக்கிறாயா? கை விழுந்த அன்றுகூட நான் அழவில்லை. உன் கடிதத்தை மறுபடி படித்தபோது அழுதுவிட்டேன்.

ராஜினாமா கொடுக்கத்தான் போனேன். முதலாளி வாங்கவில்லை. மூன்று மாதம் என் கணக்கைப் பட்டறையில் கூட வேலை செய்யும் பால்ராஜும் ஒரு தடவை பார்ப்பான் என்று ஏற்பாடு. வேலை இருக்கிறது. நீ இருக்கிறாயா என்பதுதான் தெரியவில்லை.

10,00,001 பகா எண் என்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

ஜெகதீசன்

மாங்காடு,
21.6.2025

அன்புள்ள ஜெகதீசா,

உண்மையை எழுதினால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் முடங்கிவிடுவாயோ என்று பயந்தேன். நான் செய்தது தப்பு.

நீ சொன்னதும் தப்பு. 101-ஆல் வகுத்துப் பார்.

உன்,
நாகேந்திரன்