இலைக்குழித் தண்ணீர்

நேற்று ட்வெய்ட்டாவில் ஒரு பூக்கடையில், இலைகளின் நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும் அந்தச் செடியைக் கண்டேன். இலையை விலக்கி உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைக்காரப் பெண் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நியாயம்தான். நானும் சந்தேகப் பிராணிதானே மச்சான், உனக்குத் தெரியாததா?

மோர்டென்ஸ்ருட் வீட்டில் நாம் இருவரும் இருந்த குளிர்காலம். வீடு என் பெயரில் இருந்தது. நீ பூச்செடிகள் வந்திறங்கும் களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டு விசா முடிவுக்குக் காத்திருந்தாய். திடீரென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ குசுகுசுக்கத் தொடங்கினாய். "சாப்பிடு, பயப்பிடாதை" என்றது என் காதிலேயே விழுந்தது. விசா இல்லாத யாரையோ ஒளித்து வைத்து என் வீட்டுக்கு உலை வைக்கிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்கு லீவு கிடைத்த ஒரு நாள், நீ வேலைக்குப் போனதும் உன் அறையைத் திறந்தேன்.

ஆள் இல்லை. ஜன்னல் ஒரு விரற்கடை திறந்து கிடந்தது. மேசையில் ஈரப்பாசி நிரப்பிய கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அந்தச் செடி. இலைக்குழியில் விரல் நீளத்தில் ஒரு பழுப்பு உயிர்; பிதுங்கிய கண், வாத்துக் கால் போல ஒட்டிய விரல்கள். பல்லி என்றுதான் நினைத்தேன். ஊரில் பல்லி பல்பைச் சுற்றித்தானே கிடக்கும்! இது குளிரில் விறைத்துச் சாகப்போகிறதே என்று பாவம் பார்த்தேன். ஜன்னலைச் சாத்தி, பெட்டியை ஹீற்றருக்கு மேல் வைத்தேன். நல்ல சகுனமாக ஏதாவது சொல்லுமா என்று காதுகூடக் கொடுத்தேன். அது வாயே திறக்கவில்லை. நீ வரும் நேரத்துக்குப் பெட்டியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டேன்.

நீ வந்து பார்த்தபோது அது செத்துக் கிடந்தது. உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் கொண்டுவந்தாய்.

"பல்லியோ?" என்றேன், புதிதாகப் பார்ப்பவன் போல.

"இல்லை, சலமாண்டர். குளிர் மலையிலை இருக்கிற மழைக்காட்டுச் சீவன், செடியோடை வந்திட்டுது. இதுக்கு நுரையீரலே இல்லை மச்சான், ஈரத் தோலாலைதான் மூச்சு விடும். இஞ்சை வளர்க்கக் கூடாதாம். விசாப் பயத்திலை உனக்கும் சொல்லேல்லை."

பிறகு காய்ந்த பாசியைத் தடவினாய். சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாய்.

"அறைக்குள்ளை வந்தனியோ?"

"சீ, நான் ஏன் வாறன்?"

நீ மறுபடி கேட்கவில்லை. மறுநாள் உன் கதவில் புதுப் பூட்டு இருந்தது. லில்லெஸ்ட்ரோமுக்கு நீ குடிபோன பிறகும் கல்யாணம், பிறந்தநாள் என்று சந்தித்தோம், சிரித்துக் கதைத்தோம். உனக்குத் தெரியுமோ என்று ஒவ்வொரு சிரிப்பிலும் தேடினேன். போன மாதம் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும், மூடிய உன் கண்களில் அதையேதான் தேடினேன். வெட்கமாக இருக்கிறது.

அந்தச் செடியை வாங்கி வந்துவிட்டேன். ஹீற்றரிலிருந்து தள்ளி வைத்து, இலைக்குழியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஓம் மச்சான், அறைக்குள்ளை வந்தனான்.