கவிழ்த்து வைத்த டம்ளர்

வேலம்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்ஷரா கண்ணுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு, கைகால் சுகத்தோடு இருக்கிறோம். இனிமேல் எழுதப்போவதை நீ பயப்படாமல் படிக்க வேண்டுமே என்றுதான் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு அம்மா எதற்குப் பேனாவைத் தேடினாள் என்று சிரிப்பாய். போனில் இதைப் பேச முடியாது கண்ணு. அப்பாவைத் தனியாக விட வேண்டாம் என்று டேனியல் டாக்டர் சொல்லியிருப்பதால் எந்நேரமும் கூடவே இருக்கிறேன், அவர் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வராது. இப்போதுகூட எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். பாப்பாவுக்கு எழுதுகிறேன் என்றேன், ஒளிக்காமல் எல்லாத்தையும் எழுது என்று அவரேதான் சொன்னார். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன், முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

ஆர்டர் இல்லாமல், பனியன் துணி பின்னும் நம் நிட்டிங் ஷெட்டை மூடியது உனக்குத் தெரியும். நீ பிறந்ததிலிருந்து அந்த மிஷின் சத்தத்திலேயே தூங்கி எழுந்த வீடு இது, அது நின்றதும் ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட நெஞ்சு திடுக்கென்றது. அப்பா முதலில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், சோறு இறங்கவில்லை, படுத்தால் தூக்கமில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் ஆளே மாறிப்போனார். விடிவதற்கு முன்னாலேயே குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். நான் எத்தனையோ வருஷமாகக் கத்தியும் மாற்றாத குளியலறைக் குழாயை மாற்றினார். தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது, கேஸ் சிலிண்டருக்கு எந்த நம்பரைக் கூப்பிடுவது என்று பொறுமையாக எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்த மனிதருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம். நம்புவாயா, அந்தப் பக்கத்துத் தெரு ஆஷாவிடம் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் கணியூரிலிருந்து மயிலாள் அத்தை போன் போட்டு அண்ணிக்காரியான என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏனுங்க நங்கை, என்ன விசேசமுங்க, அண்ணன் தனியா பஸ் ஏறி வந்தாங்க, பத்திரிகை வெக்க வந்தவங்க மாதிரி உக்காந்தாங்க, ஒரு பேச்சுப் பேசலீங்க, எங்க மொகத்தை ஒவ்வொண்ணாப் பாத்தாங்க, தண்ணியக் குடிச்சுப்போட்டு டம்ளரைக் கவுத்து வெச்சுட்டுப் போயிட்டாங்க என்றாள். யாரைக் கண்டாலும் குரைக்கும் அவள் வீட்டு நாய் அன்றைக்குச் சத்தமே போடாமல் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம், அவர் உட்கார்ந்த நாற்காலிப் பக்கம் பொழுது சாயும்வரை வரவில்லையாம். அடுத்து நம் ஷெட்டில் வேலை பார்த்த அழகுமலை, அந்தத் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், அவனும் அதையே சொன்னான். யக்கா, மொதலாளி வந்தாவ, எம் மவ தலையத் தொட்டுப் பாத்தாவ, தண்ணியக் குடிச்சிட்டு டம்ளரக் கவுத்தி வச்சிட்டு எந்திச்சிட்டாவ, பொறத்தாலயே வாசலுக்கு வந்து பாக்கேன், அம்புட்டு நீளத் தெருவுல ஆளையே காணல என்றான். அதற்கப்புறமும் ஒவ்வொரு வீடாகப் போன் வந்தது, எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி அதே வெள்ளைச் சட்டை, அதே ஒரு டம்ளர் தண்ணீர், கவிழ்த்து வைத்த டம்ளர். அவர் எழுந்து போனதும் வூடே வெறிச்சுன்னு ஆயிருச்சுங்க என்றுதான் எல்லோரும் முடித்தார்கள். அப்பாவைக் கேட்டால், சும்மா பாத்துட்டு வந்தேன் என்று அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே இருக்காது, எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருக்கும். இரண்டு தடவை நான் திரும்பியே பார்த்திருக்கிறேன்.

மயிலாள் அத்தைதான் அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்தாள். பாப்பாவுக்கு இடம் பார்க்கிறார், நம் பக்கம் பேச்சை எடுக்கும் முன்னால் வீட்டுப் பெரியவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய் முகம் காட்டிவிட்டு வருவது வழக்கம்தானே என்றாள். எனக்கும் அது பொருத்தமாகப் பட்டது. பட்டது என்ன, அன்றைக்கே குத்துவிளக்கை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். அந்தச் சூட்டோடு உன்னைக் கூப்பிட்டு, அப்பா உனக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று சொன்னதும் நான்தான். என்னைக் கேட்காமல் இது என்ன வேலை என்று நீ கோபித்துக்கொண்டு அப்பாவின் போனை எடுக்காமல் விட்டாய். அவர் தினமும் சாயங்காலம் உனக்கு வீடியோ கால் போடுவார், அது அடித்து அடித்து நிற்கும். போனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார். மகளுக்கு இத்தனை பிடிவாதமா என்று உன்னைத்தான் திட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா டேனியல் டாக்டரின் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். ஊசி போட வந்தவரின் விரலைச் சின்ன வயதில் நீ கடித்து வைத்தாயே, அதே டாக்டர், அதே சின்ன அறை. உன் அப்பா தானாக டாக்டரிடம் போகிற ஆளா, காய்ச்சலில் பிதற்றினால்கூட நான்தானே இழுத்துக்கொண்டு போவேன். அன்றைக்குத் தனியாக, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். இத்தனை வருஷம் எங்க குடும்பத்தைப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க என்றாராம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்திருக்கிறார். பிழைத்து எழுந்தவங்க நன்றி சொல்லிக் கேட்டிருக்கேன், நோவே இல்லைன்னு வந்து நன்றி சொன்னது இவர்தாங்க என்று அப்புறம் என்னிடம் சொன்னார் டாக்டர். வெளியே காத்திருந்தவர்களை இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று விசாரித்து, கடைசியில் சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறார். ஏனுங்க, உசுரை விட்டறலாம்னு தோணுதுங்களா. அப்பா அதே சிரித்த முகத்தோடு, ஆமாங்க என்றாராம். எல்லாரையும் பாத்தாச்சுங்க, பாப்பா மட்டும் பாக்கிங்க, அது போன் எடுக்க மாட்டேங்குதுங்க என்றாராம்.

கண்ணு, இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு முகம் கழுவிவிட்டு வந்தேன். ஊரெல்லாம் நடந்து விடைவாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறார், நான் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் போன் போட்டு, பயப்படாம வாங்க, ஆனா இப்பவே வாங்க என்றார். ஆஷா வண்டியில் கொண்டுபோய் விட்டாள். டாக்டரின் பெஞ்சில் அந்த வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் எனக்கு அடையாளமே தெரியவில்லை, யாரோ அவரைப் போல உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. டாக்டர் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்து, தன் கையாலேயே மறுபடி தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் உன் அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த அழுகையில்தான் என் மனிதர் திரும்பத் தெரிந்தார்.

டாக்டரே அவர் காரில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மனநல டாக்டரிடம் காட்டினார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், குணம் தெரியக் கொஞ்ச வாரம் ஆகுமாம், நடுவில் நிறுத்தக் கூடாதாம். சர்க்கரை, பிரஷர் மாதிரி மனசுக்கும் நோவு வரும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க என்றார் நம் டாக்டர். அவர் சொல்லித்தான் ஷெட்டில் இருக்கக் கூடாத சாமான்களை எல்லாம் அழகுமலை எடுத்துக்கொண்டு போய்விட்டான், சாவியும் அவனிடம்தான். தினமும் சாயங்காலம் இருவரும் கிளினிக்குக்குப் போகிறோம். பிரஷர் பார்ப்பது ஒரு சாக்கு, டாக்டர் முகத்தைப் பார்த்து இன்னிக்கு எப்படிங்க, அந்த நெனப்பு வந்துச்சுங்களா என்று கேட்பார், இவரும் உள்ளதைச் சொல்லுவார். வந்துச்சுங்க என்று சொன்ன நாளும் உண்டு, அன்றைக்கு டாக்டர் ரொம்ப நேரம் கூட உட்கார்ந்திருந்தார். இப்படிக் கேட்டால் மறுபடி அதையே நினைத்துவிட மாட்டாரா என்று நான்தான் பயந்தேன். கேக்கறதால வராதுங்க, கேக்காம விட்டாத்தான் அவரு தனியா அதோட கெடப்பாரு என்றார்.

உனக்கென்று டாக்டர் ஒன்று சொல்லச் சொன்னார். போன் எடுக்காதது உன் தப்பில்லை, இனிமேல் எடுப்பதால் அப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பு உன் தலையில் ஏறிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், அதற்கு நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், நீ மகளாக இருந்தால் போதும் என்றார். நீ கூப்பிடு, வழக்கம்போலச் சண்டை போடு. மாப்பிள்ளைப் பேச்செல்லாம் அம்மாவின் கற்பனை என்று சொல்லிச் சிரி. பேச்சு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடாதே, நாளைக்கென்று ஏதாவது பாக்கி வை. உன்னையும் ஒன்று கேட்கிறேன், டாக்டர் கேட்ட மாதிரியே நேராகக் கேட்கிறேன், அந்த ஊரில் தனியாக இருக்கும் உனக்கு எப்போதாவது அப்படித் தோணுகிறதா. தோணினால் என்னிடம் சொல், நான் பயப்பட மாட்டேன், பயந்தாலும் கேட்பேன். உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற மாதிரி அங்கேயும் ஒரு டாக்டரைப் பழகி வைத்துக்கொள்.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நாங்கள் அதில் முடிந்தமட்டும் கூட இருக்க வேண்டும். சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்ததும் அப்பா போனோடு உட்காருவார், மறந்துவிடாதே.

இப்போதுதான் கீரையை உருவி முடித்து எழுந்து போனார், நானும் பின்னாலேயே போக வேண்டும். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, அப்பறம் குடிச்சுக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மற்ற நாளாக இருந்தால் ஆறிப்போகுது என்று கத்தியிருப்பேன். டம்ளரை அப்படியே விட்டு, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
விஜயகுமாரி