செவ்வாய்க்கிழமை மலை ஏறுகிறேன்

மொரோனி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு

என் செல்ல மகன் கமார்தீனுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கச்சி ரஹமாத்துவும் அல்லாஹ் கிருபையால் சுகம், மழைத் தண்ணீர்த் தொட்டி இன்னும் பாதிக்கு மேல் நிற்கிறது, பின்கட்டுப் பலாவில் எட்டுக் காய், மார்செயில் நீயும் உன் லாரியும் சுகமாக ஓட ஐந்து வேளையும் கையேந்துகிறேன். போன ஞாயிறு ஃபோனில் நீ கத்தின கத்தல் இன்னும் காதில் நிற்கிறது. உனக்கு அறுபத்தொரு வயசு உம்மா, முழங்கால்ல தைலம் தேய்க்காம உனக்குத் தூக்கம் வராது, உனக்கு எதுக்கு கார்த்தாலா மலை, அங்க மவுத்தாயிட்டா ஜனாஸாவ யாரு இறக்கிட்டு வருவா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். ஃபோனை வைக்கலாம், கடிதத்தைப் பாதியில் கிழிக்க உனக்கு மனசு வராது, பெற்றவளுக்கு அது தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் முதலில், இறக்கிக் கொண்டுவர முடியாவிட்டால் அங்கேயே அடக்கட்டும், கிப்லா திசை மலைமேலும் இருக்கிறது.

எதுக்கு கார்த்தாலா என்று கேட்டாயே, சொல்கிறேன். எனக்குப் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போனார். உன் பாட்டனார் பொட்டப்புள்ளைக்கு மலையில என்ன வேலை என்று ஒரே சொல்லில் முடித்தார், பையன்கள் போனார்கள், நான் அவர்களுக்கு மரவள்ளி அவித்துக் கொடுத்தேன். பிறகு எரிமலையைக் கண்காணிக்கிற ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன், பெருக்கத்தான் எடுத்தார்கள், ஒரு வருஷத்தில் நடுக்கத்தை எழுதுகிற ஊசிக்குக் காகிதம் மாற்றுகிறவளும் நான்தான் என்றாயிற்று. மலை இருமினால், புரண்டு படுத்தால், முதலில் பார்க்கிறது நான். ஊசி குதித்தால் பெரிய ஐயாவை வீட்டில் எழுப்புகிறதும் நான். அவர்கள் மேலே போகும்போதெல்லாம், வாங்க ஸல்ஹாத்தாம்மா, நீங்களும் ஒரு தடவை பாருங்க என்று கூப்பிட்டார்கள், பொய் சொல்லக்கூடாது, மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். உன் வாப்பா, அன்னிய ஆம்பளைகளோட மலையில தங்குறதா இருந்தா அங்கிருந்து அப்படியே உங்கம்மா வீட்டுக்குப் போயிடு என்றார். இந்த வீடே எங்கம்மா வீடுதான், வந்து குடியேறினவர் அவர், இருந்தாலும் நான் போகவில்லை. இருபத்துமூன்று வருஷம் அந்த மலையின் கிறுக்கலைப் படித்தேன், முகத்தைப் பார்த்ததில்லை. முதலில் என் வாப்பா, அப்புறம் புருஷன், இப்போது நான் பெற்ற பிள்ளை. மூன்றாவது ஆளுக்கும் தலையாட்டினால் நான் எதற்கு மகனே உயிரோடு இருக்கிறேன்?

பைத்தியக்காரத்தனமாகக் கிளம்பவில்லை, திட்டத்தைக் கேள். நாங்கள் மூன்று பேர். நான், நீ பிறந்தபோது பிரசவம் பார்த்த நர்ஸ் எஷாத், மார்க்கெட்டில் ரொட்டி விற்கிற ஷம்சியா. வழிகாட்டி ம்வூனி ஊர் மாதி, நானூறு தடவை ஏறினவன். விடியற்காலம் கிளம்பினால் மாலைக்குள் காட்டுக்கு மேலே ஒரு புல்வெளி, அங்கே கூடாரம், மறுநாள் காலையில் எரிமலையின் வாய்க்கு. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, எல்லாம் தலையிலும் முதுகிலும்தான் போக வேண்டும், அதற்கு மாதியின் மச்சான்கள் இரண்டு பேர். கருவாடு, சுட்ட வாழைக்காய், ஷம்சியாவின் ரொட்டி. ஒன்றரை மாதமாக சுபுஹு தொழுதுவிட்டு ம்வூனி வரைக்கும் ஏறி இறங்குகிறோம், முதல் வாரம் நான் வழியில் உட்கார்ந்து அழுதேன், இப்போது எஷாத்துதான் மூச்சு வாங்குகிறாள். ஊர் சும்மா இருக்குமா, மூணு கெழவிகளும் ஜின்னுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போறாளுக என்று பேசினார்கள். ஷம்சியா விடவில்லை, ஆமா, உங்க வீட்ல இருக்கிறத விட ஜின்னு நல்லவனாத்தான் இருப்பான் என்று மார்க்கெட்டே கேட்கச் சொன்னாள். ஆபீசுக்கும் போனேன், என் இடத்தில் இப்போது இருக்கிற பிள்ளை, மலை அமைதியா இருக்கும்மா என்றது, நீ சொன்னா போதாது, ஊசி போட்ட கோட்டக் காட்டு என்று மூன்று மாதத்துக் கோட்டையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இதற்கு நடுவில்தான் நீ செய்த காரியம். என்னிடம் கத்தியது போதாதென்று உன் மாமா நூர்தீனுக்கு ஃபோன் போட்டாய். அண்ணன் திங்கட்கிழமை காலையிலேயே வந்து நின்றார், சர்க்கரையில் இரண்டு விரல் போன காலை இழுத்துக்கொண்டு, உட்காரக்கூட இல்லை. ஏ ஸல்ஹாத்தா, நீ என்ன ஆடா மலை ஏற, கார்த்தாலாவப் பத்தி எங்கிட்டக் கேளு, நெருப்புக் குளம் அது, நான் போனப்போ புருவம் கருகிப்போச்சு, சூடு தாங்காம சட்டையக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டு நின்னேன் என்று நாற்பது வருஷமாகச் சொல்கிற அதே கதையைச் சொன்னார். உனக்கும் மனப்பாடம், சின்னப்பிள்ளையில் அவர் மடியில் உட்கார்ந்து கேட்டவன்தானே.  கடைசியில் சொன்னார், நீ ஏறினா ஊரைக் கூட்டி நடத்தற ரஹமாத்து பெரிய கல்யாணத்துல நான் உட்கார மாட்டேன், தாய்மாமன் இல்லாத கல்யாணம் எப்படி நடக்குதுன்னு பார்த்துடலாம். ரஹமாத்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். அவர் போனதும், நாலு வருஷமா காத்திருக்கேன் உம்மா, உன் ஒரு ஆசைக்கு என் வாழ்க்கையா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அன்று மத்தியானமே மாதி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான், மன்னிச்சுக்கங்கம்மா, உங்க அண்ணன் பெரியவர் சொல்லி அனுப்பிட்டார், அவர் பேச்ச மீறினா எனக்கு இந்த ஊர்ல சோறு கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனான்.

உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன், நான் அன்று தோற்றுத்தான் போனேன். கட்டி வைத்த பையைப் பிரித்தேன், கருவாட்டை எடுத்துக் குழம்பு வைத்தேன். ரஹமாத்து இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள், உம்மா நீ இப்படி உட்கார்ந்திருக்கறதப் பார்த்தா எனக்குத் தொண்டையில இறங்கல, நான் கேட்டது உன்னய நிறுத்தறதுக்கு இல்ல, ரெண்டும் நடக்கணும்னுதான் என்று சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. கையைக் கழுவினேன், நல்ல துணியாகப் போர்த்திக்கொண்டேன், நேராகச் சதுக்கத்துக்குப் போனேன். ஆமாம், அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியவர்கள் கல் பெஞ்சில் உட்காருகிற அதே சதுக்கம், பெண்கள் ஓரமாகச் சுற்றிப் போகிற இடம். நடுவில் போய் நின்றேன். டோமினோ ஆடின கை அப்படியே நின்றது. நான் சொன்னது இதுதான். சாம்பல் கொட்டின வருஷம் பகல் இருட்டாப் போச்சே, படகில ஏறி ஓடலாமான்னு நீங்க அத்தனை பேரும் எங்க ஆபீஸ் கேட்டுல நின்னீங்களே, ஊசியப் பார்த்துட்டு வந்து ஓடாதீங்க, தகரத்தையும் பாயையும் போட்டுத் தொட்டிய மூடுங்கன்னு சொன்னது யாரு? மூடினவன் வீட்ல குடிக்கத் தண்ணி இருந்துச்சு, மூடாதவன் பிள்ளைக்குச் சாம்பல் கரைச்சுக் கொடுத்தான். அன்னைக்கு மலையப் பத்தி என் பேச்ச நம்பினீங்க. இன்னைக்கு அதே மலை அமைதியா இருக்கு, நான் போய்ப் பார்த்துட்டு வரேன்னு சொல்றேன், இப்ப மட்டும் என் பேச்சு பொம்பளப் பேச்சாயிடுச்சா? மாதி பயப்படாம வரலாம்னு உங்கள்ல ஒருத்தர் சொல்லுங்க, இல்லேன்னா வழி கேட்டு நாங்க மூணு பேரே ஏறுவோம்.

கிழவர் பாக்கார்தான் முதலில் சிரித்தார், என் வீட்டுத் தொட்டி மூடியிருந்துச்சுப்பா, எனக்கு இவ மேல வழக்கு இல்ல, மாதி போகட்டும் என்றார். இன்னும் இரண்டு தலை ஆடியது. பெஞ்சு ஓரத்தில் இருந்த அண்ணன் எழுந்து, என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அங்கே நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஆபீசில் மேலே போகிற ஒவ்வொரு ஆளுக்கும் அலமாரியிலிருந்து கம்பளிச் சட்டை எடுத்துக் கொடுத்தவள் நான், பல் கிட்டித்துப் போய் இறங்கி வருவார்கள், ஆபீஸ் பழைய ஏட்டின்படி அவர் போனதாகச் சொல்கிற வருஷத்தில் அங்கே நெருப்பும் இல்லை, குளமும் இல்லை, கறுப்பு மணலும் பனிமூட்டமும்தான். எனக்கு ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். ஊர் நடுவில் ஒரு வார்த்தை போதும், அவரை உட்கார வைத்திருக்கலாம். ஆனால் என் கோபம் தணிய அவர் முகம் கறுக்க வேண்டியதில்லை.

நேற்று காலை வந்தார். முற்றத்தில் பலா மரத்தைப் பார்த்தார், தொட்டி மூடியைத் தட்டிப் பார்த்தார், ரஹமாத்து கொடுத்த தேநீரைக் குடித்தார். பிறகு மெதுவாக, ஸல்ஹாத்தா, மேல ரொம்பக் குளிருமாமே என்றார். குளிருமாமே! நாற்பது வருஷத்தில் அந்த மலையைப் பற்றி அவர் வாயில் கேள்விப்பட்டவர் சொல்கிற அந்த ‘ஆம்’ ஒட்டிக்கொண்டு வந்தது நேற்றுதான். நான், ஆமாண்ணே, குளிரும் என்றேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்னைக்கு எல்லாரும் போனாங்க, எனக்குப் பாதியிலேயே காய்ச்சல், காட்டுல ஒரு குடிசையில படுத்துக் கிடந்தேன், கீழ வந்து கேட்டாங்க, என்னமோ சொல்லிட்டேன், அப்புறம் நிறுத்த முடியல என்றார். நீ போனா தெரிஞ்சுடுமேன்னு பயந்தேன், உன் மகன் ஃபோன் பண்ணது எனக்குச் சாக்காப் போச்சு என்றும் சொன்னார்.  இனிமே இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்க ஏற, நீ பார்த்துட்டு வந்து மொதல்ல எங்கிட்டச் சொல்லு, இருக்கிறத இருக்கிறபடி சொல்லு என்று கேட்டார். கல்யாணத்தில் உட்காருகிறார், பந்தலுக்கு ஆளும் அவரே சொல்லிவிட்டார். இதை யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னார், உன்னிடம் மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த மனுஷனை அவ்வளவு சங்கடத்தில் தள்ளியது உன் ஃபோன், அந்தப் பாரத்தில் பாதி உன்னுடையது. அவர் கதையை நீ இனியும் பழையபடியே கேட்க வேண்டும், சிரிக்கக்கூடாது.

இப்போது உனக்கும் எனக்கும். அஞ்சுவான் தீவிலிருந்து மயோட்டுத் தீவுக்குத் திருட்டுத்தனமாகப் போன அந்தப் படகில் நீ ஏறினபோது உனக்கு இருபது வயது. பத்துப் பேர் ஏற வேண்டிய படகில் முப்பத்தெட்டுப் பேர். நீ என்னிடம் கேட்கவில்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய், ஒன்பது நாள் கழித்து நீ உயிரோடிருக்கிற சேதி வந்தது, அந்த ஒன்பது நாளும் அலையில் யார் சட்டை ஒதுங்கினாலும் அது உன் சட்டையா என்று பார்க்க ஆள் அனுப்பினேன். நீ திரும்பப் பேசினபோது நான் திட்டினேனா? சாப்பிட்டியா என்றுதான் கேட்டேன். உன் வழியை நீ தேர்ந்தெடுத்தாய், அது கடலாக இருந்தது. என் வழி மலையாக இருக்கிறது. பயம் உனக்கு மட்டும் சொந்தமில்லை மகனே, நானும் பயந்துகொண்டேதான் போகிறேன், பயந்துகொண்டு போகிறவளைத் தடுப்பதுதான் பெரிய பாவம்.

எஷாத்தின் மருமகன் வருகிற வியாழக்கிழமை விமானத்தில் மார்செய்க்கு வருகிறான், கடிதம் அவன் கையில். நாங்கள் செவ்வாய் விடியலில் ஏறி புதன் மாலை இறங்குகிறோம். நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் நாள் பார்த்தேன், நீ இதைப் படிக்கும்போது போகாதே என்று சொல்ல உனக்கு வழியே கிடையாது. அழலாம், கோபப்படலாம், ஆனால் கேட்க மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு கேள்விதான், எப்படி இருந்துச்சு உம்மா. அதை வெள்ளிக்கிழமை கேள், வியாழக்கிழமை உன் மாமாவுடைய முறை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், திரும்பி வர ஒரு நல்ல காரணமும் கொடுப்பானாக. தூக்கம் வந்தால் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கு, முதலாளி காத்திருக்கட்டும். கல்யாணத்துக்கு லீவு இப்போதே எழுதிக் கொடு, தங்கச்சிக்கு அண்ணன் ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
யாரிடமும் அனுமதி கேட்காத உன் உம்மா,
ஸல்ஹாத்தா