சரிபார்க்க முடியாத பதிவு

அன்புத் தம்பி குணத்துக்கு,

எங்கே தொடங்குவது என்று தெரியாததால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். சிரிக்காதே.

1. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நீ தொடங்கிய வரைபடப் பட்டறை நின்றுவிட்டது.
2. அது நின்றது என்னால்.
3. நான் செய்தது முறையில் நேர்ந்த பிழை. அங்கே வந்தவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை.
4. இனி என்ன செய்யப்போகிறேன் என்பது.

நீ இருந்தால், "அத்தான் காதல் கடிதத்துக்கும் பொருளடக்கம் போடுவார்" என்று உன் அக்காவிடம் சொல்லியிருப்பாய். நூலகத்தில் புத்தகங்களுக்குப் பட்டியல் அட்டை எழுதியே ஓய்வுபெற்றவனுக்கு வேறு வழி தெரியாது.

இது திறந்த மடல் என்பதால் உன்னை அறியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு திறந்த வரைபடம் இணையத்தில் இருக்கிறது. ஒரு சந்து, ஒரு குழாய், ஒரு கடை என்று ஒவ்வொன்றும் அதில் ஒரு பதிவு. கணினியைத் தொட்டே இராதவர்களை உட்காரவைத்து, தங்கள் தெருவைத் தாங்களே அதில் சேர்க்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. நான் உன்னோடு வயர் சுற்றிக்கொண்டு வந்தவன். நீ கண்மூடியபின், யாரும் கேட்காமலே அந்த வேலையை எடுத்து, கொட்டாஞ்சேனையிலும் நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையிலும் நடத்தினேன். தகுதி இருந்ததா என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

உன்னுடைய பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. கற்பவரின் மவுஸைக் கற்பிப்பவர் தொடக்கூடாது. அவர்கள் எவ்வளவு தடுமாறினாலும் நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாய். எனக்குக் கை துடிக்கும். "விடுங்கோ அத்தான். பிழை விடட்டும். அவையே திருத்தினால்தான் அது அவையின்ரை படம்" என்பாய்.

அந்தச் சட்டத்தை நான் மீறவில்லை. தேவாலயத்தின் பின்னால் உள்ள அந்த மண்டபத்தில் நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.

ஜெசிந்தாவை உனக்குத் தெரியாது. நீ போனபின் வந்தவள். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் வாடகை வீட்டில் இருந்து ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறாள். சந்துகளைப் பார்த்துக் குறித்துவர எல்லோரும் நடந்த நாளில், எங்களை வீட்டுக்குள் இழுத்துப்போய் பிளேன்ரீ தந்தாள். ஜன்னலோரம் தையல் இயந்திரம், அதன்மேல் பாதி தைத்த வெள்ளைச் சட்டை. நான் அதன் பக்கத்தில் நின்றுதான் குடித்தேன்.

மண்டபத்துக்குத் திரும்பி அவள் தன் முதல் பதிவைப் போட்டாள். புள்ளி வழுக்கிக் கடலுக்குள் போய்விட்டது.

"ஐயோ சார், என் கடை ஹாபருக்குள்ள விழுந்திருச்சு!"

"விடுங்கக்கா, கப்பல்காரன் எல்லாம் சட்ட தைக்க வருவான்" என்றான் பக்கத்தில் இருந்த மீன்கடை நெல்சன்.

மெல்ல மெல்ல அவளே அதைக் கரைக்கு இழுத்து வந்தாள். 'ஜெசிந்தா தையல்' என்று எழுதிச் சேமித்தாள். தோஹாவில் வேலை செய்யும் மகளுக்கு உடனே செய்தி அனுப்பினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று மாலை வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கணினியைத் திறந்தேன். ஒரு கடை வீதியின் நடுவில் இருந்தது. ஒரே குழாய் இரண்டு தடவை பதிவாகியிருந்தது. ஒரு சந்தின் பெயர் பாதியில் நின்றது. ஒவ்வொன்றாக நானே சரிசெய்தேன். கொட்டாஞ்சேனையில் அதற்கு முந்தைய பட்டறைகளுக்குப் பிறகும் இதையேதான் செய்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது குணம், அது எனக்கு இன்பமான வேலை.

ஜெசிந்தாவின் பதிவுக்கு வந்தேன். பெயர்ப்பலகை இல்லாத வீடு. வீதியில் போகிறவர் பார்த்து உறுதிசெய்யக்கூடியதைத்தான் சேர்க்கவேண்டும் என்பது விதி. அழித்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத ஓர் இடம் உண்டல்லவா? அதில் எழுதினேன்: 'சரிபார்க்க முடியாத பதிவு. நீக்கப்பட்டது.'

அவள் தந்த தேநீர் அப்போதும் என் வயிற்றில் இருந்தது.

அடுத்த பட்டறையில் பாடம், மாற்றங்களின் வரலாறு. "இங்கே எதுவும் மறைவாக நடக்காது. யார் எதை மாற்றினாலும் அவர் பெயர் நிற்கும்" என்று உன் குரலைப் போலக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன். உதாரணத்துக்கு அவர்களுடைய சந்துகளையே பெரிய திரையில் திறந்தேன். அதில் வரிக்கு வரி என் பெயர்.

எப்படி இது எனக்கு முன்பே தோன்றாமல் போனது? நான் செய்ததை மாற்றம் என்றே நினைக்கவில்லை போலும். எல்லோரும் போனபின் மண்டபத்தைக் கூட்டுவதுபோல நினைத்திருக்கிறேன்.

"சார், எல்லாத்துலயும் ஒங்க பேர் தானே இருக்கு? அப்ப நாங்க எங்க?" என்றான் நெல்சன்.

ஜெசிந்தா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். நான் எழுதியதை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். பிறகு திரும்பினாள்.

"அன்னைக்கி எங்க வீட்டுல தானே சார் டீ குடிச்சீங்க?"

"ஓம்."

"மெஷினப் பாத்தீங்களா, இல்லியா?"

"பார்த்தனான். ஆனால் பலகை இல்லையே. விதிப்படி..."

"வாடக வீட்டுல போர்டு அடிச்சா வீட்டுக்காரன் நம்மள அடிப்பான் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"மக தேடிப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லியேம்மா, பொய்யா சொன்னீங்கன்னு கேட்டா. நான் தான் எதையோ சரியா அமுக்கலன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நானே அழிச்சிருப்பேனே சார். கை தட்டிட்டு ஏன் அழிச்சீங்க?"

நான் ப்ரொஜெக்டரை நிறுத்தினேன். செய்வதற்கு எத்தனையோ இருக்க, அதைச் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. கதிரைகளைப் போட்டுக் காத்திருந்துவிட்டு மடித்துவைத்தேன். ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்தேன். "ஸ்கூல் தொறக்கப் போகுது சார், யூனிஃபார்ம் குவிஞ்சு கெடக்கு" என்றாள், தன்மையாகத்தான். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வீடு திரும்பும் வழியில், புறக்கோட்டையில் பஸ் மாறும்போது ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

உன் அக்காவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கறிக்குப் போஞ்சி வெட்டிக்கொண்டு கேட்டிருந்தாள்.

"வெள்ளவத்தைப் பட்டறையிலையும் இப்பிடித்தான் அழிச்சனீங்களோ?"

"அங்கை அழிக்க ஒண்டும் இல்லை."

"இல்லையோ? மேல்மாடியிலை கேக் அடிச்சு விக்கிற டொக்டரம்மாவின்ரை ஃபிளட்டிலை என்ன பலகை தொங்குது?"

வெட்டிய போஞ்சியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஓய்வுபெற்ற அந்த வைத்தியர் எங்கள் வெள்ளவத்தைப் பட்டறைக்கு வந்தவர். தன் வீட்டுக் கேக்குக்கு ஒரு பதிவு போட்டிருக்கிறார். பலகை இல்லை. நான் அதைப் பார்க்காமல் இல்லை. அன்றே போன் எடுத்து, "டொக்டர், நேரம் கிடைக்கும்போது ஒருக்கால் பாருங்கோ" என்று பணிவாகச் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. அதே பட்டறையில் ஒரு பொறியியலாளர் தன் வீட்டின் பெயரைத் தெருச் சந்திக்கே வைத்துவிட்டார். அவருக்கு மூன்று தடவை திருத்தி எழுதி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். வெள்ளவத்தையில் ஒருவருடைய ஒரு எழுத்தையும் நான் கேட்காமல் தொட்டதில்லை.

அவர்கள் மனம் நோகும் என்று பயந்தேன். நான் எல்லோருக்கும் பயந்தவன் என்பது உனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் மட்டும் அந்தப் பயம் எங்கே போயிருந்தது?

நேற்று ஜெசிந்தாவின் பதிவை நானே திரும்பப் போட்டுவிடலாம் என்று கணினியைத் திறந்தேன். பொத்தான் வரை விரல் போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, இதையும் அவளைக் கேட்காமலே செய்யப் பார்க்கிறேன் என்று. மூடிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். இந்த முறை மண்டபத்துக்கு அல்ல, அவள் வீட்டுக்கு. பலகையைப் பற்றியும் விதியைப் பற்றியும் வாய் திறக்கமாட்டேன். கை தட்டிவிட்டு ஏன் அழித்தேன் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்வேன். திரும்பப் போடுவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். போடுவதென்றால் அவள் கையால் போடட்டும். போ என்றால் வந்துவிடுவேன். பிறகு நெல்சனின் கடைக்குப் போவேன், பிறகு மற்றவர்களிடம். இது உனக்குத் தரும் வாக்கு.

அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலை முதலில் உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். மேலே மூன்றாவதாக எழுதியது பிழை, குணம். நான் அவர்களைக் குறைவாகத்தான் நினைத்திருந்தேன்.

உன் அக்காவைக் கைப்பிடித்த,
உன் அத்தான்
வெள்ளவத்தை