அத்தை நேரலையில் வைத்த மீன் குழம்பு

அத்தை,

இன்று காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பேஸ்புக் தானாகவே உங்கள் பழைய காணொளி ஒன்றை எடுத்துக் காட்டியது. தீவில், நம் ஜார்ஜ் டவுன் வீட்டுச் சமையலறை. திரையில் பாதி உங்கள் முகம், பாதி மின்விசிறி. பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மீன் குழம்பு வைப்பதைப் படம் பிடித்துக் குடும்பத்துக்கு மட்டும் அனுப்பத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைத்தீர்கள். பேத்தி உங்களுக்கு பேஸ்புக் கற்றுக்கொடுத்திருந்த புதிது. கைபேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, மாமா வாங்கி வந்த மீனைத் தூக்கிக் காட்டினீர்கள். "பாசாருக்குப் போனா மீனப் பாத்து வாங்கணும். இவரு மீன்காரனப் பாத்து சிரிச்சிட்டு வாங்கிட்டு வந்துட்டாரு."

கூடத்திலிருந்து என் மகள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "பாட்டி, லைவ்ல போவுதுலா! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டுமே. நான் என்ன திருட்டுத்தனமாவா சமைக்கிறேன்?"

பிறை ஊர்த் தொழிற்சாலையில் மாமாவோடு வேலை செய்தவர்களெல்லாம் சிரிப்புப் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வரி வந்தது. நான்தான் வாசித்தேன்: "அக்கா, அம்மா மாங்கா போடுவாங்க. மறந்துட்டியா?"

உங்கள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"யாரு அத்தை?"

"என் தம்பி. பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான்ல இருக்கான்."

அவரை நான் பார்த்ததே இல்லை. எங்கள் கல்யாணப் பத்திரிகையை உங்கள் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிட்டார். நேரில் வந்து அழைக்கவில்லை என்ற கோபத்தில் உங்கள் தம்பி கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பிறகு உங்களோடு பேச்சும் இல்லை. தீபாவளிதோறும் நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்துச் சொன்னீர்கள். "வீட்டுல மாங்கா இல்லடா. நீயே வாங்கிட்டு வா. நீ வந்தாதான் அடுப்ப அணைப்பேன்."

பாலத்தைத் தாண்டி அவர் கார் வந்து சேர்வதற்குள் குழம்பு பாதி வற்றிவிட்டது. பை நிறைய மாங்காயோடு வாசலில் நின்றார்.

"வாட்ஸ்அப்ல கூப்பிட்டா வரமாட்டேன்னியே?"

"இது பேஸ்புக்லா, அக்கா."

தெருவே கேட்கும்படி இருவரும் சிரித்தீர்கள். அதற்குமேல் பழைய கதை எதையும் நீங்கள் கிளறவில்லை. "மொதல்ல சாப்பிடு" என்றீர்கள், அவ்வளவுதான்.

பிறகு தினமும் விடிந்ததும் அவருக்கு ஒரு பூப்படம், ஒரு குரல் செய்தி. அரசியலில் தொடங்கி ஊறுகாய் வரை அதிலேயே சண்டை பிடிப்பீர்கள். போன வருடம் நீங்கள் கண்மூடியபோது, உங்கள் கையைப் பிடித்தபடி அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

போன மாதம் ஜுருவில் இருக்கும் என் தங்கைக்கும் எனக்கும் மனத்தாங்கல். அவள் பேஸ்புக்கில் தன் படமொன்றைப் போட்டிருந்தாள். அதன் கீழே, யார்மேல் தப்பு என்று நீளமாக எழுதத் தொடங்கினேன். உங்கள் நினைப்பு வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "புடவை அழகா இருக்கு. ஞாயித்துக்கிழம சாப்பிட வா" என்று மட்டும் எழுதினேன்.

கைபேசியைக் கீழே வைப்பதற்குள் மணி அடித்தது.

"அக்கா, புள்ளைங்களையும் கூட்டிட்டு வரவா?"